கல்லில் எழுதிய நீதியும் கிணற்றடி நீதியும்

வரலாற்றுப் பாடம் நம் பாடசாலைகளில் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதை ஆசிரியர்களாகிய நாம் நன்கு அறிவோம். மன்னர் பெயர்களும் அவர்கள் முடிசூடிய ஆண்டுகளும் மாணவர் நாவில் ஏறிவிட்டால் வரலாறு கற்பித்தாயிற்று என்று மனநிறைவு கொள்கிறோம். கோட்டை எந்த ஆண்டில் எவர் கைப்பட்டது என்பது வினாத்தாளில் வரும். அக்கோட்டையைச் சூழ வாழ்ந்த மக்கள் எதை உண்டனர், எங்கே நீர் மொண்டனர் என்பன வருவதில்லை. மக்கள் இல்லாத வரலாற்றை மாணவர் மனனஞ் செய்கின்றனர். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் விடுகின்றனர்.

இக்குறையைச் சிறிதேனும் போக்கலாமே என்ற எண்ணத்துடன், சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பதினோராந் தரத்து மாணவர்கள் முப்பது பேருடன் யாழ்ப்பாணத் தீவுகளுக்கு ஒரு நாட் பயணம் சென்று வந்தேன். கடற்கோட்டையைக் காண்பது, நயினாதீவுக் கல்வெட்டைப் படிப்பது, மாரி முடிவில் வந்து தங்கும் பறவைகளைப் பார்ப்பது என்பனவே எங்கள் திட்டம். ஆனால் அன்று மாலை புங்குடுதீவில் ஒரு கிணற்றடியில் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி, காலைமுதல் நாங்கள் கண்டவற்றையெல்லாம் வேறொரு முறையில் அடுக்கி வைத்துவிட்டது. அக்கேள்வியை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலை ஆறரை மணிக்குப் பண்ணைத் தாம்போதியில் பேருந்து ஏறியது. இருமருங்கும் முழங்காலளவு ஆழமுள்ள பரவைக் கடல். சிறகுவலைக் கம்புகள் வரிசை வரிசையாக நின்றன. மண்டைதீவுச் சந்தியை அண்டிய தரவையில் மழைநீர் இன்னும் வற்றவில்லை. அதில் பூநாரைகள் கூட்டமாய் நின்று, தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை அலகால் அரித்து உண்டுகொண்டிருந்தன. கொக்குகளும் உள்ளான்களும் ஓரத்தில் மேய்ந்தன. பிள்ளைகள் பேருந்தை நிறுத்தச் சொல்லி ஆரவாரித்தனர், நிறுத்தினோம்.

தரவை என்பது புல்லும் உவரும் கலந்து கிடக்கும் வெறும் நிலம், யாருக்கும் பயனற்றது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். குப்பை கொட்டவும் மண் நிரப்பிக் கட்டடம் எழுப்பவும் அதுவே ஏற்ற இடமென்று கருதுவோரும் உளர். உண்மை வேறு. தீவுகளில் ஆறில்லை, மலையில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே ஆண்டின் பெரும்பகுதி நீரைத் தருகிறது. அந்நீர் உடனே கடலுக்கு ஓடிவிடாது தாழ்ந்த தரவைகளிலும் குளங்களிலும் கேணிகளிலும் தங்கி, மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கற்பாறையின் துளைகளூடே கீழே இறங்குகிறது. கீழே கடல்நீர் ஊறிக் கிடக்கிறது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்தது. ஆதலால் அது உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது அறிவியலார் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கம் அச்சந் தருவது. அளவுக்கு மிஞ்சி இறைத்து மேலே ஓரடியைக் குறைத்துவிட்டால், கீழே நாற்பது அடிக்கு உவர் ஏறிவரும். ஒருமுறை உவர்ந்த கிணறு மீண்டும் இனிக்கப் பல மாரிகள் வேண்டும்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்தபோது, “அப்ப, சேர், இந்தப் பறவை நிக்கிற தண்ணிதான் பிறகு கிணத்துக்குப் போகுதோ?” என்று ஒருவன் கேட்டான். இதில் ஒரு பங்கு போகிறது என்றேன். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு பார்த்தால் தீவுகளின் வரலாறு முழுவதும் நீரின் வரலாறாகவே தோன்றும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் அல்லைப்பிட்டி. இன்று பனைகளும் மணற்கரையும் சிதைந்த சில வீடுகளும் உள்ள அமைதியான ஊர். 1977ஆம் ஆண்டு ஜோன் கார்ஸ்வெல் என்னும் அறிஞர் இக்கரையில் அகழ்ந்தபோது, சீன நாட்டின் வடசொங் அரசமரபுக் காலத்து மட்பாண்டங்கள், அதாவது ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முற்பட்டவை, உடைந்த நிலையில் ஏராளமாகக் கிடைத்தன. 2018ஆம் ஆண்டு ஷங்ஹாய் நூதனசாலையைச் சேர்ந்தோர் இலங்கை ஆய்வாளருடன் இணைந்து மீண்டும் அகழ்ந்தனர். தென்சீனத்துச் சூளைகளிற் சுட்ட கிண்ணமும் சாடியும் இந்தச் சிற்றூர் மணலில் எப்படி வந்தன? கப்பலில் வந்தன. கிழக்கே சீனத்திலிருந்து மேற்கே அரபு நாடு வரை ஓடிய பெருவணிகத்தில் நமது தீவுகள் ஒரு தங்குதுறையாக இருந்தன. நெடுங்கடல் கடந்து வரும் மாலுமிக்குத் துறையில் முதலில் வேண்டியது காற்றுக்கு ஒதுங்க ஓரிடமும் குடிக்க நன்னீரும். கரையில் கிணறு தோண்டி வைத்திருந்தவர்கள் யார் என்று எந்த ஏடும் எழுதவில்லை. ஆயினும் அவர்கள் இருந்தார்கள். இருந்திராவிடில் துறை இருந்திராது.

வேலணையைக் கடந்து ஊர்காவற்றுறைக்கு வந்தோம். இவ்விடத்தின் பழம்பெயர் ஊராத்துறை. போர்த்துக்கேயர் கப்பல்துறை என்னும் பொருள்பட ‘காயிஸ்’ என்றனர். அதுவே ஆங்கிலேயர் நாவில் ‘கயிற்ஸ்’ ஆயிற்று. உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964இல் நிறுவ முன்னின்ற தனிநாயகம் அடிகளார் 1913இல் பிறந்தது இத்துறையை அடுத்த கரம்பனில். கடலைப் பார்த்து வளர்ந்த ஒருவர் தமிழை உலகளாவிய நோக்கிற் கண்டதில் வியப்பில்லை.

துறைமுகக் கரையிலிருந்து பார்த்தால் காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட நீரிணையில் கடற்கோட்டை தெரிகிறது. ‘பாதை’ என்று ஊரார் அழைக்கும் மிதவை அதனருகே இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களைக் கொண்டு செல்கிறது. போர்த்துக்கேயர் கட்டிய இக்கோட்டைக்கு ஒல்லாந்தர் ‘ஹம்மன்ஹீல்’ என்று பெயரிட்டனர். இலங்கை பன்றித் தொடையின் வடிவினது என்றும், இக்கோட்டை அதன் குதிகாலில் நிற்கிறது என்றும் அவர்கள் கண்ட உவமை அது. ஒரு நாட்டை உண்ணும் பொருளாகவே பார்த்த கண்களுக்கு வேறு உவமை தோன்றாதது இயல்பே.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் இக்கோட்டையை முற்றுகையிட்டனர். நாற்புறமும் கடல், சுவர்களோ தடித்தவை. எனினும் இரு வாரங்களில் கோட்டை பணிந்தது. உள்ளே குடிநீர் இல்லாது போனமையே காரணம். நாற்புறமும் நீர் சூழ நின்ற கோட்டை நீர் வேட்கையால் விழுந்தது! அவ்வாண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்து, போர்த்துக்கேயர் ஆட்சி இங்கு முடிவுற்றது. நமது காலத்தில், 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, தென்னிலங்கை இளைஞர்கள் இக்கோட்டையில் அடைக்கப்பட்டனர். அவர்களின் தலைவர் ரோகண விஜேவீரவும் அவர்களுள் ஒருவர். இன்று அதே சுவர்களுக்குள் கடற்படையினர் நடத்தும் உல்லாச விடுதி இருக்கிறது. சிறைக்கூடத்தில் ஓரிரவு தங்குவதை மக்கள் பணங் கொடுத்து அனுபவிக்கும் காலமும் வந்துவிட்டது.

ஒல்லாந்தர் காலத்தில் இத்துறைப் பகுதியிலிருந்து பெரும் வருவாய் ஈட்டித் தந்த ஏற்றுமதி யானை. வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவுக் கடலேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் ஓட்டி வரப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டுக் கப்பலேறின. ஒரு யானை ஒரு நாளில் நூறு லீற்றருக்கு மேல் நீர் குடிக்கும். கப்பலுக்குக் காத்துநின்ற யானைகளுக்கு இவ்வறண்ட நிலத்தில் எத்தனை குடம் நீர் சுமக்கப்பட்டிருக்கும்! கும்பனியின் கணக்கேட்டில் யானையின் விலை உண்டு. நீர் சுமந்த தோள்களுக்கு அதில் இடமில்லை.

ஊர்காவற்றுறையிலிருந்து திரும்பி, வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதிக்கு வந்தோம். இதனை ஊரார் வாணர் தாம்போதி என்று அழைப்பர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்பாதைக்காக அயராது உழைத்த புங்குடுதீவு மைந்தரான வாணர் சகோதரரின் பெயர் அது. மன்னர் பெயரும் தேசாதிபதி பெயரும் சூட்டிய பாதைகள் பல உண்டு. ஊருக்கு வழி வேண்டும் என்று அலைந்த சாதாரண மனிதரின் பெயரை மக்களே சூட்டி வைத்த பாதை இது.

புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்கின்றன. ஒல்லாந்தர் தம் நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டனர்: வேலணை ‘லெய்டன்’, புங்குடுதீவு ‘மிடில்பேர்க்’, நயினாதீவு ‘ஹார்லம்’. அப்பெயர்கள் வரைபடங்களோடு மங்கின. ‘டெல்ஃப்ற்’ என்னும் நெடுந்தீவின் பெயர் மாத்திரம் அரச ஏடுகளில் இன்றும் நிலைத்திருக்கிறது. ஒரு நாளிலே இரண்டு தீவுகளையும் காண முடியாதாகையால், நெடுந்தீவைப் பற்றி இறங்குதுறையில் நின்றே பிள்ளைகளுக்குக் கூறினேன். பவளக்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகள், பெருக்க மரம், இடிந்த கோட்டை, வெடியரசன் கோட்டை என்று மக்கள் வழங்கும் இடத்திலுள்ள பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள், குதிரை லாயத்தின் தூண்கள் ஆகியவை அங்கே உள்ளன. ஐரோப்பியர் கொண்டுவந்து பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை இன்றும் அங்கே கட்டின்றித் திரிகின்றன. வறட்சி மிகுந்த ஆண்டுகளில் நீரின்றி அவை மடிந்த செய்தி நாளேடுகளில் வந்ததுண்டு. தீவின் ஒரு மூலையிலுள்ள சாரப்பிட்டிக் கிணறுகளின் நன்னீரே நெடுந்தீவு மக்களை நெடுங்காலம் காத்தது.

இந்தத் துறையில் நின்று நெடுந்தீவைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து இத்துறைக்கு வந்துகொண்டிருந்த குமுதினி என்னும் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. அதிலிருந்த பயணிகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். இறந்தோர் குறைந்தது 23 பேர். கடற்படையினரே இதனைச் செய்தனர் என உயிர் தப்பியோர் கூறினர். பிள்ளைகள் ஓசையின்றிக் கேட்டனர். அவர்கள் பிறப்பதற்கு நெடுநாள் முன் நடந்தது இது. ஆயினும் தாம் ஏறப்போகும் கடல் அதே கடல் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நண்பகல் அளவில் நயினாதீவை அடைந்தோம். நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் ஒரே கரையில் நிற்கும் தீவு இது. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இதுவே என்று முதலியார் இராசநாயகம் முதலானோர் கருதினர்; மறுப்போரும் உளர். மகாவம்சம் கூறும் நாகதீபம் இதுவே எனப் பௌத்தர்கள் வணங்குகின்றனர். 1936இல் கிடைத்த வல்லிபுரம் பொன்னேட்டை நோக்கினால், நாகதீபம் என்ற பெயர் அக்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுட்டியதாகத் தோன்றுகிறது. பழம்பெயருக்கு உரிமை கொண்டாடி இரு சாராரும் மல்லுக்கு நிற்பதைக் காட்டிலும், இத்தீவில் உறுதியாய் நிற்கும் ஒரு கல்லைப் படிப்பது பயனுடைத்து.

கோயிலிற் பாதுகாக்கப்பட்டிருக்கும் அக்கல், 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கியது. மேற்பகுதி சிதைந்திருப்பினும் ஆணையின் சாரம் தெளிவாகக் கிடைக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். பிற நாட்டவர் ஊராத்துறைக்கே வந்து கூட வேண்டும்; அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும். அரசனுக்கென யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் சேர வேண்டும். வணிகப் பண்டம் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. இதுவே ஆணை.

இதன் சிறப்பை உணர அக்கால வழக்கத்தை அறிதல் வேண்டும். கரையில் ஒதுங்கிய கப்பலின் பொருள் முழுவதையும் அக்கரைக்குரிய அரசன் எடுத்துக்கொள்வது பல நாடுகளில் நடைமுறையாய் இருந்தது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய மன்னன் கணபதி தேவன் 1244ஐ ஒட்டிப் பொறித்த கல்வெட்டு, முன்னைய மன்னர் இவ்வாறு பறித்ததை எடுத்துக்கூறி, இனிச் சுங்கம் மாத்திரமே கொள்வோம் என்று வணிகருக்கு உறுதி தருகிறது. நயினாதீவுக் கல் அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தியது. முழு விட்டுக்கொடுப்பு இல்லையாயினும், இடர்ப்பட்டவனுக்கு ஒரு பங்கு உண்டு என்ற கொள்கை இங்கே கல்லில் ஏறிவிட்டது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பொலன்னறுவை மன்னன் ஆணை தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. முடிவில் மாத்திரம் வடமொழி வருகிறது. துறையில் வந்து கூடிய வணிகரும் அங்கு வாழ்ந்த மக்களும் அறிந்த மொழி தமிழ். ஆகவே சட்டம் தமிழில் வந்தது. காலியில் கிடைத்த சீனக் கடற்றளபதி செங் ஹோவின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டிலும் சீனமும் பாரசீகமும் தமிழும் இருக்கின்றன. சட்டம் எவருக்காகவோ அவருக்கு விளங்கும் மொழியில் அது இருக்க வேண்டும் என்ற எளிய உண்மை பன்னிரண்டாம் நூற்றாண்டில் தெரிந்திருந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் இயற்றியவர்கள் அதை மறந்தனர். அதன் விளைவை இந்நாடு முழுவதும் சுமந்தது.

ஆயினும் மன்னனை மிகைபடப் புகழ்வதும் நம் வேலையன்று. அவன் யானையும் குதிரையும் தேடினான்; வணிகர் வராவிடில் அவை வாரா. ஆதலால் வணிகரைக் காத்தான். ஆணையின் அடியில் ஆளும் வர்க்கத்தின் தேவை இருந்தது. தேவையிலிருந்து பிறந்த நீதியும் நீதியே. ஆனால் அது தேவை முடியும் இடத்தில் நின்றுவிடும். இக்கல்லின் நீதி துறையைத் தாண்டி ஊருக்குள் நடந்ததா? அதற்கு விடை மாலையில் கிடைத்தது.

நயினாதீவிலிருந்து திரும்பியபோது மூன்று மணி கடந்திருந்தது. புங்குடுதீவின் உள்வீதியில் பேருந்து மெல்லச் சென்றது. இருபுறமும் கூரையிழந்த கல்வீடுகள். சுவரைப் பிளந்து ஆலும் அரசும் வளர்ந்திருந்தன. ஒரு காலத்தில் கொழும்பு முதலிய நகரங்களில் கடை நடத்திய இவ்வூர் வணிகர் கட்டிய வீடுகள் அவை. 1983க்குப் பின்னும், 1990, 1991ஆம் ஆண்டுகளின் போரிலும் மக்கள் பெருமளவில் வெளியேறினர். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் இன்று புங்குடுதீவார் வாழ்கின்றனர். ஆளில்லாத ஊரில் குளம் தூர்ந்தது, கேணி இடிந்தது, கிணறு பாழடைந்தது. நீர்நிலைகளைப் பேணுவதற்கும் மனிதர் வேண்டும் அன்றோ?

வழியிலே ஒரு வீட்டு வாயிலில் நிறுத்தினோம். பிள்ளைகள் தாகமென்றனர். அங்கிருந்த முதியவள் கிணற்றைக் காட்டி, “வடிவா அள்ளிக் குடியுங்கோ பிள்ளையள். இப்ப மாரித் தண்ணி, நல்லாத்தான் இருக்கு. ஆவணி புரட்டாதியிலை வந்தால் வாயிலை வைக்கேலாது தம்பி; பவுசர் வந்தால்தான் எங்களுக்குக் குடிதண்ணி” என்றார். பிள்ளைகள் மாறி மாறி அள்ளினர். யார் அள்ளினார், யார் ஏந்தினார், எவர் வாளியில் எவர் கை பட்டது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அந்தக் காட்சியைக் கண்டு நின்றபோது, இவ்வூரில் நடந்த ஒரு போராட்டத்தைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கிணற்றுக்கட்டைச் சூழ அமர்ந்தோம்.

யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றிலும் கோயிற் கிணற்றிலும் தாமே நீர் அள்ளுவதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. குடத்துடன் கிணற்றுக்குத் தொலைவில் நின்று, ‘உயர்சாதி’யினர் எவரேனும் வந்து இரங்கி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். அவர் வராவிடில் குடம் வெறுங் குடமே. தாழ்த்தப்பட்ட மக்களின் வாழ்வைத் தம் வாழ்நாள் முழுதும் எழுதிய கே. டானியல் தம் நாவல்களுள் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். தீவுகளில் இக்கொடுமை இருமடங்கு. குடாநாட்டில் ஒரு கிணறு மறுக்கப்பட்டால் வேறொன்றை வெட்டலாம். தீவில் வெட்டினால் வருவது உவர். நன்னீர்க் கிணறுகள் ஊருக்குச் சிலவே. நன்னீர் உள்ள நிலம் எவர் கையில் இருந்ததோ அவர் கையிலேயே மற்றவரின் தாகமும் இருந்தது.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. ஆயினும் 1971இல் புங்குடுதீவில் தாழ்த்தப்பட்ட மக்கள் கோயிற் கிணற்றில் நன்னீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. சட்டம் பிறந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தும் அது கொழும்பிலிருந்து அக்கிணற்றடிக்கு வந்து சேரவில்லை. அப்போராட்டத்தில் முன்னின்றவர் அவ்வூரிற் பிறந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம். 1935இல் பிறந்தவர், என்னைப்போல் ஆசிரியத் தொழில் செய்தவர். ‘உயர்சாதி’யினர் எனப்படுவோரிடையே பிறந்தும் தாழ்த்தப்பட்ட மக்களோடு நின்றார். காவற்றுறையினரின் தாக்குதலுக்கு உள்ளானார். 1973இல், நாற்பது வயதும் நிறையா முன்னே, மறைந்தார்.

தளையசிங்கம் முற்போக்கு அணியைச் சேர்ந்தவரல்லர். அவ்வணியின் இலக்கியக் கொள்கையை மிகக் கடுமையாக விமரிசித்தவர் அவர். ஆன்மிகம் சார்ந்த அவருடைய நோக்கு நமக்கு உடன்பாடானதன்று. அவருக்கு எதிராக நம்மவர் எழுதியனவும் பல. அதே காலத்தில், 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் பொதுவுடைமையாளர் தலைமையில் நிகழ்ந்தன என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அப்பெருமை நியாயமானதே. ஆனால் ஒரு மனிதனை அளப்பதற்கு அவன் எழுதிய தத்துவம் மட்டும் போதாது. கிணற்றடியில் அவன் எப்பக்கம் நின்றான் என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வளவில் தளையசிங்கம் நம்மவரே என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு எளிய சொற்களில் கூறினேன். அப்பொழுதுதான் அம்மாணவி எழுந்தாள்.

“சேர், கப்பல் உடைஞ்சால் பிறத்தியாரின்ரை சாமானைக் குடுக்க வேணுமெண்டு ராசா கல்லிலை எழுதிவைச்சதைப் பாத்தம். ஊர்ச் சனம் தங்கடை கிணத்திலை தண்ணி அள்ளலாமெண்டு ஏன் ஒருத்தரும் அப்பிடி ஒரு கல்லு வைக்கேல்லை?”

எண்ணூறு ஆண்டு வரலாற்றை ஒரே கேள்வியில் அவள் கட்டிவிட்டாள். வணிகன் வராவிடில் துறைக்கு நட்டம். ஆகவே அவனுக்குக் கல் வைத்தார்கள். குடத்துடன் காத்து நின்றவள் எங்கும் போகமாட்டாள். போக வேறிடமும் அவளுக்கு இல்லை. ஆகவே அவளுக்குக் கல் வைக்கும் தேவை அரசனுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. அவளுக்குரிய சட்டம் வெகு பிந்தி, 1957இல், கடதாசியில் வந்தது. அதற்கு உயிர் கொடுக்க மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அன்று அப்பிள்ளைக்கு நான் கூறிய விடை இதுவே.

அவள் சிறிது நேரம் யோசித்து, “அப்ப அவை இருந்த இடத்திலையாவது ஒரு கல்லு வைக்கலாம்தானே?” என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

கடற்கோட்டையைத் தொல்பொருட் சின்னமாகப் பேணுகிறோம். நயினாதீவுக் கல்லை அறிஞர் படித்து அச்சிட்டனர். அல்லைப்பிட்டி மணலில் கிடைத்த ஓடுகளை எண்ணிப் பெட்டியில் இட்டு வைக்கின்றனர். இவையெல்லாம் வேண்டியனவே, ஒன்றையும் குறை கூறவில்லை. ஆனால் நீருக்காகக் காத்துநின்ற மக்களின் வரலாறு எந்த நூதனசாலையிலும் இல்லை, பாடநூலிலும் இல்லை. அதனை நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். சாதி ஒழிந்துவிட்டது, இனி அதைப் பற்றிப் பேசுவானேன் என்று கூறுவோர் நம்மிடையே மிகுந்து வருகின்றனர். பேசாது விட்டால் அது ஒழியாது, மறைந்து வாழும். நாளை குடிநீர் இன்னும் அருகும்போது, எவர் குடத்துக்கு முதலில் ஊற்றுவது என்ற வினா மீண்டும் எழும். அப்பொழுது பழைய வழக்கம் திரும்பி வர அதிக நேரம் ஆகாது.

கடல்நீரை நன்னீராக்கும் பெரும் நிலையம் ஒன்று 2024இல் வடமராட்சி கிழக்கிலுள்ள தாளையடியில் திறக்கப்பட்டது. அறிவியல் மக்களுக்குத் தரும் இத்தகைய கொடைகளை வரவேற்போம். ஆனால் குழாய் வரும் என்று காத்திருந்து தரவையை நிரப்பிவிட்டால், கேணியைத் தூர்த்துவிட்டால், நிலத்தடியில் மிதக்கும் அந்த மெல்லிய நன்னீர் வில்லையை நாமே உடைத்தவர்களாவோம். உடைந்த கப்பலுக்குச் சட்டம் உண்டு. உடைந்த நன்னீருக்கு ஈடு செய்ய எந்த மன்னனாலும் இயலாது. மழைநீர் தங்கும் தாழ்நிலம் ஊருக்குப் பொதுச் சொத்து என்று கொள்வதும், கிணற்றை எவரும் அள்ளும் பொதுவுடைமையாகக் கொள்வதும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். முன்னதை மறந்தால் நீர் இராது. பின்னதை மறந்தால் நீர் இருந்தும் பயனில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் ஒரு பழங்கிணறு இருக்கும். அதைச் சூழ நடந்தவற்றை அறிந்த முதியவர் ஒருவரும் இருப்பார். அடுத்த தவணை விடுமுறைக்கு முன் மாணவரை அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எவர் அள்ளினார், எவர் காத்து நின்றார், எப்பொழுது அது மாறியது, எவரால் மாறியது என்று கேட்டு எழுதி வரச் செய்யுங்கள். நான் என் மாணவரிடம் அப்பணியை ஒப்படைத்திருக்கிறேன். இதுவரை பதினொரு கிணறுகளின் கதை வந்து சேர்ந்திருக்கிறது. அவற்றுள் மூன்றில் நீர் இப்போது உவர்ந்துவிட்டதாம்.

பண்ணைத் தாம்போதியை மீண்டும் கடக்கையில் இருள் சூழ்ந்துவிட்டது. காலையில் பூநாரைகள் நின்ற தரவை எங்கே என்று தெரியவில்லை. ஆனால் நீரின்மேல் அவற்றின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. பேருந்தின் பின்னிருக்கையில் அம்மாணவி தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு வந்தாள். என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்கவில்லை.